குளிசைக்கு ஒரு பெட்டிசம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் இல்ஃபோர்டில் பெட்டிசம் அண்ணையிடம் பெட்டிசம் வாங்காதவர் எவரும் இல்லை. கவுன்சில், பஸ் கொம்பனி, கோயில் நிர்வாகம் என்று எல்லாரும் புகார் மனு வாங்கியிருக்கிறார்கள். கல்யாண வடையில் உப்புக் குறைந்ததற்குச் சொந்தச் சம்பந்திக்கே மூன்று பக்கம் எழுதிய மனிதர். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் என்பதால், எதை எழுதினாலும் அடியில் 'பிரதி' என்று ஒரு பட்டியல் போடுவார். வடை பெட்டிசத்துக்குப் பிரதி: மாப்பிள்ளை, ஐயர், மண்டபச் சொந்தக்காரர்.

நான் அடுத்த வீடு. என் குப்பைத் தொட்டி நடைபாதையில் நின்றதைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். கவுன்சிலுக்கு எழுதி, எனக்குப் பிரதி அனுப்பினார். அதை அதே தொட்டியில் போட்டேன். பிறகு வந்த பிரதிகளும் அங்கேதான் போயின.

அப்போதுதான் அரசாங்கம் ஒரு யோசனையை வெளியிட்டது. அறுபது வயதில் கிடைக்கும் இலவச மருந்தைப் பென்ஷன் வயதான அறுபத்தாறுக்குத் தள்ளுவதாம். மக்கள் கருத்துச் சொல்லலாமாம். எனக்கோ வயது ஐம்பத்தொன்பது, வேலையில் ஷிப்டும் குறைந்திருந்தது. அறுபது வரட்டும், அதுவரை காசு மிச்சம் என்று பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்கு மட்டும் தெரியும்; வெளியில் மூச்சு விடவில்லை.

கருத்துக் கேட்டால் அண்ணை விடுவாரா? கோயில் அன்னதான வரிசையில் பேனையோடு நின்றார். கையில் சோற்றுத் தட்டு உள்ளவர் எங்கே ஓடுவார்?

"அண்ணை, கையெழுத்து வைச்சால் விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ?" என்று ஒரு பெண் பயந்தார்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. குரோய்டன் விசாக் கந்தோருக்குப் பிரதி போடேல்லை."

ஆதாரமாக, குளிசை முடிந்த வெற்று அட்டைகளையும் பக்கத்துக்குப் பக்கம் குத்தி அனுப்பினார். "தன்ர குளிசைக்குத்தான் இந்தாள் இவ்வளவு பாடுபடுது" என்று எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெட்டிசத்துக்கு மட்டும் எனக்குப் பிரதி வரவில்லை.

கொஞ்சக் காலத்தில் யோசனை கைவிடப்பட்டது. தன் அட்டைகளைக் கண்டுதான் மந்திரி பயந்தார் என்று அண்ணை இன்றும் நம்புகிறார். ஒருநாள் மருந்துக்கடையில் அவர் நீரிழிவுக்காரருக்கான இலவச அட்டையை நீட்டியதைக் கண்டேன். அது இருந்தால் எந்த வயதிலும் மருந்து சும்மாதான்.

"அப்ப உங்களுக்கு இதால ஒண்டுமில்லையே! பிறகேன் அண்ணை இவ்வளவு பாடு?"

"நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறீர் எண்டு உம்மட மனுசி சொன்னவ. ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவ. அதுதான், எனக்குத் தெரியுமெண்டு நீர் அறியாமல் இருக்க, உமக்குப் பிரதி போடேல்லை."

"எனக்கும் ஒண்டு தாங்கோ அண்ணை" என்றேன். அவரிடம் பிரதி கேட்டு வாங்கிய முதல் ஆள் நான்தான். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது இப்போது என் குளிசைப் பெட்டிக்குள் இருக்கிறது. அறுபதும் வந்துவிட்டது; பிரதி தினமும் கண்ணில் படுகிறது, குளிசையையும் தினமும் போடுகிறேன்.