சேஃப்டி சார் ஒட்டிய கறுப்பு டேப்

உயிரே போனாலும் கார் சாவியை விட்டுக்கொடுப்பதில்லை என்று சேஃப்டி சார் அன்று காலை ஷெட்டில் வைத்து முடிவு கட்டினார். கட்டின கையோடு கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கத்தரித்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கின்மேல் ஒட்டினார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவர் சேஃப்டி சார்தான். 'எச்சரிக்கை விளக்கை அலட்சியம் செய்யாதீர்' என்று அங்கே தொங்கும் பதினான்கு போர்டும் அவர் எழுதியவை. அந்த வாசகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. அது ஃபாக்டரிக்கு, இது வீட்டுக்கு என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. நாலு மாதத்துக்கு முன்னால் இந்தப் பெரிய எஸ்.யூ.வி.யை வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீட்டுக்காரி பள்ளிக்கூட டீச்சர். இருபது வருஷமாகப் பரீட்சை ஹாலில் பிட் பிடித்துப் பழகின கண் அவளுக்கு.

"ரெண்டு பேருக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய வண்டி?"

"எட்டு ஏர்பேக் இருக்கும்மா."

"ரெண்டு பேருக்கு எட்டா?"

"ஆளுக்கு நாலுன்னு வெச்சுக்கோ."

அவளைச் சம்மதிக்க வைக்க வண்டியை அவள் பேரிலேயே பதிவு செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஷோரூமில் நாலு பேர் முன்னால், "ஒரு வருஷத்துக்குள்ள இதுல ஒரே ஒரு சிவப்பு லைட் எரிஞ்சாலும் சாவியை உன் கையில குடுத்துடறேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்" என்று சபதம் வேறு போட்டார். டீச்சரம்மா "சரி" என்றாள்.

அந்த ஸ்டியரிங்தான் இப்போது அவருக்கு உலகம். ஒல்லியான மனுஷர், குரலும் அப்படித்தான். வீட்டிலும் ஆபீசிலும் அவர் பேச ஆரம்பித்தால் யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள். ஆனால் இந்த வண்டியில் உயரமாக உட்கார்ந்து போனால் லாரிக்காரன்கூட ஒதுங்கி வழி விட்டான். அதைப் போய் விட முடியுமா?

டேப் ஒட்டுவதற்கு முன்னால் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்தார்.

"ஏர்பேக் லைட்டு சார். பக்கத்து சீட்டுக்கு அடியில சென்சார் ஒண்ணு இருக்கு. ஆள் உக்காந்திருக்காங்களா, சீட் காலியான்னு பார்த்து அதுதான் சொல்லும். அது புட்டுக்கிச்சு."

"அடிபட்டா?"

"பை விரிஞ்சாலும் விரியும், விரியாமலும் போகும். நான் கை வைக்க மாட்டேன். கம்பெனி சர்வீசுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

கம்பெனிக்குப் போனால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்குத்தான் முதல் மெசேஜ் போகும். அதனால்தான் டேப்.

விளக்கை மறைத்தாகிவிட்டது. பக்கத்து சீட்டை எதை வைத்து மறைப்பது? அங்கே அவளை உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஆயிரம் சண்டை போட்டிருக்கிறார், எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறார், ஆனால் அவள்மேல் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குத் தாங்காது.

"பின்னாடி உக்காரும்மா."

"ஏன்?"

"வண்டி உன் பேர்ல இருக்கு. ஓனர்லாம் பின்னாடிதான் உக்காருவாங்க."

டீச்சரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவர் தன் ஷூ லேஸைப் பார்த்தார்.

"அப்படிங்களா," என்று பின்னால் ஏறி, கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஸ்கூலுக்கு விடுங்க" என்றாள்.

முப்பதைத் தாண்டாமல் ஓட்டினார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். மறுநாள் ஸ்கூல் முடிந்து லைப்ரரி. அதற்கடுத்த நாள் டெய்லர் கடை. பிறகு அவள் அக்கா வீடு. அக்காவும் பின்னாலேயே ஏறிக்கொண்டு, "மாப்பிள்ளை, அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்றாள்.

கல்யாண மண்டப வாசலில் ஒரு நாள் காத்திருந்தபோது பக்கத்துக் காரின் டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"எத்தனை வருஷமா இந்தம்மாகிட்ட இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"லீவெல்லாம் ஒழுங்கா தர்றாங்களா?"

சேஃப்டி சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நடுவில் ரெண்டு நாள் வெளியூரில் பயிற்சி வகுப்பு. "வண்டியை எடுக்காதே, பேட்டரிக்கு ரெஸ்ட் வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்கு ஓடினார். டேப் ஒட்டின இடத்திலேயே இருந்தது. நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

மூணாவது வாரம் ஸ்கூல் கேட் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். பின் சீட்டிலிருந்த கைப்பை பறந்து வந்து முன்னால் விழுந்தது. பையின் இடத்தில் அவள் என்று நினைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் சபதமாவது, சாவியாவது.

வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னை மன்னிச்சுடும்மா. ஏர்பேக் சென்சார் போயிடுச்சு. மூணு வாரமா சிவப்பு லைட் எரியுது. சாவி போயிடுமேன்னு மறைச்சேன். நீயே பாரு."

நகத்தால் டேப்பை உரித்தார். டேப்புக்கு அடியில் இருட்டாக இருந்தது. எஞ்சினை அணைத்து மறுபடியும் போட்டார். ஸ்டார்ட் செய்ததும் வழக்கமாக எரிகிற மாதிரி விளக்கு ஆறு விநாடி எரிந்து, எந்தக் குறையும் இல்லாத விளக்குபோல அணைந்தது.

"அந்த மாடல் வண்டி எல்லாத்துலயும் சென்சார் தகராறாம்," என்றாள் டீச்சரம்மா. "கம்பெனியில இருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு. நீங்க டிரெயினிங் போன அன்னிக்கே நான் ஓட்டிட்டுப் போய் புதுசு போட்டுட்டேன்."

"டேப்பு?"

"முன்னாடி இருந்த மாதிரியே ஒட்டிக் குடுங்கன்னு அவங்ககிட்ட நான்தான் சொன்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுவுமில்லாம, இப்படி ஒரு டிரைவர் கிடைக்க வேண்டாமா?"

இறங்கி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினாள். சேஃப்டி சார் சாவியைக் கொடுத்தார். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டின் நுனியில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் ஒடுங்கிக்கொண்டார். டீச்சரம்மா வண்டியைக் கிளப்பினாள். திரையில் எழுத்து ஓடியது: 'பக்கத்து சீட் காலி.'

"நான்தான் உக்காந்திருக்கேனே," என்றார் அவர்.

"புது சென்சாருங்க. இனிமே அது தப்பாச் சொல்லாது."