வெள்ளைச் சட்டையும் கேரல் பிராக்டீஸும்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லி முடிப்பது என்று ஜெஃப்ரி தீர்மானித்தார். இதுவரை சொன்னதெல்லாம் பாதி வாக்கியத்திலேயே பிடிபட்டவை. அவர் மனைவி ஹில்டா பள்ளிக்கூடத்தில் தமிழ் மிஸ். தப்பு எங்கே இருந்தாலும் அவள் சிவப்புப் பேனா தானாக அங்கே போய் நிற்கும்.

"ஹில்டா, இனிமே சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்ல கிறிஸ்மஸ் கேரல் பிராக்டீஸ்."

"ஆகஸ்ட் மாசத்துலயா?"

"கஷ்டமான பாட்டு. ஆம்பளைங்க மட்டும் பாடறது."

"அப்போ இப்பவே ஆரம்பிச்சாத்தான் டிசம்பருக்குள்ள வரும்" என்றாள் ஹில்டா. "வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வைக்கிறேன்."

பீர்க்கன்கரணையிலிருந்து அஸ்தினாபுரம் வரை ஸ்கூட்டரில் விசிலடித்துக்கொண்டே போனார் ஜெஃப்ரி.

அங்கே சம்பத் வீட்டு மாடியில் 'மீட்டர் கேஜ்' காத்திருந்தது. ராக் பேண்ட். பாட சுஜி, கிடாருக்கு சம்பத், டிரம்ஸுக்கு டெனிஸ். போன வாரம் சர்ச் வாசலில் சுஜிதான் அவரைப் பிடித்தாள். "அங்கிள், காலேஜ்ல நீங்க பேஸ் கிடார் வாசிப்பீங்களாமே? யாரோ சொன்னாங்க. எங்க ஆள் கிடாரை விட்டுட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான்."

நாற்பத்தெட்டு வயதில் ராக் பேண்டா என்று ஹில்டா ஒரு தடவை சிரித்தால் போதும், ஜெஃப்ரி ஜென்மத்துக்கும் கிடாரைத் தொடமாட்டார். அதனால்தான் அந்தப் பொய்.

டெனிஸ் முதல் அடி அடித்தான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஜெஃப்ரியின் விலா எலும்பும் அதிர்ந்தது. ரயில்வே கேட்டில் காத்திருப்பவர்களைப் பற்றி சுஜி பாடினாள். அந்த வெயில், அந்த ஹாரன், கேட் திறப்பதற்குள் பழசாகிவிடும் காதல்.

"எந்தப் படம்மா இது?"

"படமே இல்ல அங்கிள். எங்க பாட்டு."

படமே இல்லாமல் பாட்டா! போன மாசம் இந்த உலகத்தில் இல்லாத ஒன்று! கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி ஜெஃப்ரி செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார்.

சர்ச் குயரில் ஹில்டாவோடு பாடிப் பழகிய மாதிரி பேஸ் வரிகளை ட-ர-ம என்று சோல்ஃபா ஸ்வரங்களில் எழுதிக்கொண்டார், அதுவும் குயர் நோட்டிலேயே. ஹில்டா பார்த்தாலும் கீர்த்தனை என்று நினைப்பாள். என்ன மூளை!

மூன்றாவது வாரம் சுஜி ஒரு புதுப் பாட்டு கொண்டுவந்தாள்.

"வெள்ளைச் சட்டை மாட்டிக்கிட்டு
வெளியே போறான் ஒருத்தன்,
பொய்யை மடிச்சுப் பையில வச்சு
பூட்ட மறந்த ஒருத்தன்."

ஜெஃப்ரிக்குப் புல்லரித்தது. "யாரும்மா எழுதினது?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன் அங்கிள்."

"மகா கவிஞன்! அந்த ஆளை அப்படியே கண்ணு முன்னால நிறுத்திட்டான். பாவம், லூசுப் பய, மாட்டிக்கப்போறான் பாரு!"

மூன்று பேரும் அவர் சட்டையைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நோட்டைத் திறந்தால், அந்தப் பாட்டில் ஒரு 'ஃப' அடிக்கப்பட்டு மேலே 'ம' இருந்தது. சிவப்பு மையில். வாசித்துப் பார்த்தார். அதுவரை உட்கார்ந்திருந்த பாட்டு எழுந்து நின்றது. சம்பத்தான் திருத்தியிருப்பான் என்று முடிவு செய்துகொண்டார்.

அக்டோபரில் குரோம்பேட்டையில் ஒரு மினி ஹாலில் முதல் கச்சேரி. பையன்கள் கறுப்பு டி-ஷர்ட். ஜெஃப்ரி அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் சுஜி மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பாட்டை எழுதினவங்க இங்கதான் இருக்காங்க. ஸ்கூல்ல எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மிஸ்."

மூன்றாவது வரிசையில் காட்டன் புடவையில் ஹில்டா எழுந்தாள்.

ஜெஃப்ரியின் விரல்கள் கம்பியில் ஒட்டிக்கொண்டன. இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தார். டெனிஸ் ஒன்று, இரண்டு எண்ணினான். வேறு வழியில்லாமல் வாசித்தார். ஹில்டா சிரிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைத்தான் பார்த்தார். இட்லி மாவுக்கும் விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் இவ்வளவு நாள் இந்தக் கவிஞர் எங்கே இருந்தார்?

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டார். "எப்போ எழுதின?"

"சனிக்கிழமை சாயங்காலம். வீடு அமைதியா இருந்துது. நீங்கதான் கேரல் பிராக்டீஸ் போயிட்டீங்களே."

"அப்போ சுஜிகிட்ட என்னைப் பத்திச் சொன்னது?"

"நான்தான். நேரா போங்கன்னா வேணாம்பீங்க. ஒளிஞ்சு செய்யறதுன்னா உடனே கிளம்பிடுவீங்க."

பெருங்களத்தூரில் ஜெஃப்ரி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாக, "பாட்டு சின்னதா இருக்கே, இன்னொரு சரணம் எழுதேன்."

"எழுதணும். கிளம்பற அவசரத்துல ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டு வந்தீங்களே, அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

வீடு வந்ததும் ஜெஃப்ரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், ஹில்டா சிவப்புப் பேனாவோடு நிலைப்படியில் நின்றாள்.

"இந்த முடிவு இன்னும் நல்லா இருக்கு. அப்படியே நில்லுங்க, எழுதிக்கிறேன்."