ரோமாபுரி அண்ணனின் பச்சைக் காசு

துபாயில் எத்தனையோ பேர் ஏணியில் ஏறி ஏசி மாட்டுகிறார்கள். ஏணி உச்சியில் நின்றபடி ஒரு ரோமானியத் தெய்வத்துக்காகச் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான்.

அல் குசைஸில் எங்கள் ரூமில் அவருக்குப் பெயர் ரோமாபுரி. கரூர்க்காரர். அமராவதி ஆற்று மணலில் அவர் அப்பாவுக்குக் கிடைத்த ரோமானிய வெண்கலக் காசை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் காப்பாற்றி வந்தார். சட்டைப் பொத்தான் அளவு. பச்சைப் பாசி நிறம். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் இறக்கையோடு ஒரு பெண்.

"சம்மனசுதான் அண்ணே, தேவதூதர், சந்தேகமே இல்ல" என்பான் நாகர்கோவில் ஜோசப்.

"போடா. இவ வெற்றித் தெய்வம். ரோமாபுரி ராஜாக்கள் கிறிஸ்தவ வேதத்துல சேந்தப்புறமும் இவளைக் காசுல இருந்து எறக்கல. கையில குருத்தோலை இருந்தாப் பழைய காலம், சிலுவை இருந்தாப் புதுக் காலம். அது தெரியாம நான் ஊருக்குப் போகமாட்டேன்."

மூன்று லீவைத் தள்ளிப்போட்டார். சூப்பர்வைசர் கீழிருந்து "ஜல்தி, பாய்!" என்று கத்துவார். இவர் மேலே லென்ஸோடு நிற்பார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

கடைசியில் ஷார்ஜாவில் பழைய காசு சேர்க்கும் பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பெரியவர்களிடம் எதையும் சுத்தமாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது என் கொள்கை. சனிக்கிழமை அண்ணன் டூட்டியில் இருந்தபோது, சாம்பாருக்கு ஊறிய புளியில் கல்லுப்புச் சேர்த்து, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் தேய்த்தேன். காசு தகதகவென்று மின்னியது. ராஜாவுக்கு மூக்கைக் காணோம். அம்மணிக்கு இறக்கையும் போச்சு, கையும் போச்சு.

வந்து டப்பாவைத் திறந்தவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்றா பண்ணி வெச்சிருக்கற?"

"பளிச்சுனு இருக்கட்டும்னுதான் அண்ணே…"

"ஆயிரத்தைந்நூறு வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்தாடா. உன்ற கையில அரை மணி நேரம் தாங்கல!"

ஆனாலும் மறுநாள் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. பெரியவர் பார்த்தார். "கலாஸ். மாஃபி" என்று திருப்பிக் கொடுத்தார். முடிந்தது, ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"வெளிச்சம் பத்தலைங்க" என்று ஜன்னலுக்குக் கொண்டுபோனார் அண்ணன். பிறகு பால்கனிக்கு. பிறகு நடுத்தெருவுக்கு.

போன வருடம் அண்ணனுக்குச் சவுதியில், யான்புவில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது டப்பாவை என் கையில் திணித்தார்.

"எனக்கெதுக்கு அண்ணே?"

"கெடுத்தவன் நீ. கண்டுபுடிக்க வேண்டியதும் நீதான்."

ஞாயிறு தவறாமல் போன் வருகிறது.

"ஓலையா, சிலுவையா?"

"இன்னும் தெரியல அண்ணே."

"சாய்ச்சுப் பாரு. சாப்ட்டியா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த போன் நின்றுவிடுமோ என்று பயம். சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.