தோட்டுக்குப் பல் விளக்குகிறவர்

இடது கை ஒரு தோட்டைப் பிடித்திருக்கிறது. வலது கை, முள்ளெல்லாம் சாய்ந்துபோன பழைய பிரஷ்ஷால் அதற்குப் பல் விளக்குகிறது. பக்கத்தில் ஆவி பறக்கும் வெந்நீர்க் கிண்ணம், பிழிந்த எலுமிச்சை, மூடாத பற்பசை. எல்லாவற்றுக்கும் கீழே சமையலறைத் தொட்டியின் ஓட்டை, வாயைப் பிளந்துகொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறது.

இந்தக் கைகளுக்கு உரியவரை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் உண்டு. நகை கழுவி, கல் பதித்துப் பிழைக்கும் நான் இந்த இனத்துக்கு வைத்திருக்கும் பெயர் பளபளப்பார்.

விருந்துக்குப் போனால் பளபளப்பார் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைப் பார்ப்பார். "கொஞ்சம் கழட்டிக் குடுங்க, ரெண்டே நிமிஷம்" என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் வினிகரில் ஊறவைத்துச் சுண்ணாம்பாக்கிய முத்துகளும், கொதிநீரில் போட்டு உள்கீறலையெல்லாம் ஊரறியச் செய்த மரகதங்களும், தேய்த்துத் தேய்த்துப் பூவேலையில் பூவை எடுத்துவிட்டு வேலையை மட்டும் மிச்சம் வைத்த வளையல்களும் என் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த வைத்தியத்தையெல்லாம் அவருக்கு யார் சொன்னது? ஆபீசில் ஒருவர். அந்த ஒருவருக்கு யார் சொன்னது? இவர்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்த கையோடு ஒரு பளபளப்பார் வந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கைக்குட்டையிலிருந்து ஒற்றைத் தோட்டை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கல், சுற்றிலும் ஏழு சின்னக் கல். எட்டும் கரிக்கட்டை.

"அழுக்கு ஜாஸ்தி அண்ணே. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"எவ்வளவு நேரம் ஊறப்போட்டீங்க?"

"ராத்திரி பூரா."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது."

அடிப்பக்கம் மூடிய தோடு அது. அந்த மாதிரி நகையில் கல்லுக்குக் கீழே காகிதத்தைவிட மெல்லிய வெள்ளித் தகடு ஒன்று இருக்கும். கல்லுக்கு விளக்கே அதுதான். உள்ளே தண்ணீர் போனால் தகடு கறுக்கும், விளக்கு அணையும். உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் அது கேட்கும் மொத்தப் பணிவிடை. சொன்னேன். அவர் முகத்திலும் விளக்கு அணைந்தது.

"அண்ணே, இது என் மாமியார் போட்டிருந்த தோடு. ஞாயித்துக்கிழமை மச்சினிச்சி கல்யாணம். எங்க மாமியார் மகளோட காதைப் பார்த்துட்டுத்தான் முகத்தையே பார்ப்பாங்க. என் வீட்டுக்காரிக்கு இது இன்னும் தெரியாது. தெரியவும் கூடாது."

"ஜோடியைக் கொண்டுவாங்க. அதைப் பார்த்துத்தான் இதுக்குத் தகடு நிறம் சேர்க்கணும்."

ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒற்றைத் தோடு. நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கல், சுற்றிலும் ஏழு. எட்டும் கங்கு மாதிரி எரிந்தன.

"இன்னொண்ணைத் தொலைச்சுட்டேன் அண்ணா. வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடிட்டேன். இதே மாதிரி ஒண்ணு சனிக்கிழமைக்குள்ள செஞ்சு தர முடியுமா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார். நகைன்னா அவருக்கு உயிர்."

உயிர்தான். எடுக்கிற உயிர்.

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் கண்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. "அழாதீங்கம்மா. தொலையல. சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க, ஜோடியாத் தரேன்" என்றேன். என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். உடனே காலையில் வந்த பளபளப்பாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இன்னொரு தோட்டையும் காணோம்!"

"என்கிட்டதான் இருக்கு. உங்க வீட்டம்மா தான்தான் தொலைச்சோம்னு அழுதுட்டுப் போறாங்க. இன்னிக்கே உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றார். சொன்னாரா? பளபளப்பார்கள் தேய்ப்பதில்தான் வீரர்கள்.

இரண்டு நாள் வேலை. தங்க விளிம்பை மயிரிழை அளவுக்கு நெகிழ்த்தி, எட்டுக் கல்லையும் தூக்கி, கறுத்த தகட்டைச் சுரண்டி எடுத்து, குழிகளை ஈரம் போகக் காயவைத்து, புதுத் தகடு வெட்டி, நல்ல தோட்டின் பக்கத்தில் வைத்து வைத்து நிறம் பார்த்தேன். நாலாவது தகடுதான் ஒத்துப்போனது.

சனிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் வாசலில் மோதிக்கொண்டார்கள்.

"நீங்க எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

நான் இரண்டு தோட்டையும் மேஜைமேல் வைத்தேன். எது நோயாளி, எது நலம் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அந்த அம்மா தோடுகளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கணவரின் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த கைக்குட்டையைப் பார்த்தார். அதில் இன்னும் பற்பசைக் கறை.

"மூணு நாளா நான் அழறதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"சொல்லத்தான் வந்தேன்… நேத்தும் வந்தேன். நீ கட்டிலுக்கு அடியில தேடிக்கிட்டிருந்தே."

"நீங்களும்தானே கூடத் தேடினீங்க!"

அவர் தலை குனிந்தார். அந்த அம்மா அவரை முறைத்து முறைத்து, கடைசியில் முடியாமல் சிரித்துவிட்டார். "இனிமே வீட்டுல உங்க பல்லைத் தவிர எதையும் விளக்கக் கூடாது" என்றார்.

இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. விரலில் மோதிரம் இருக்கிறதா? இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் கட்டைவிரல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறதே, கவனித்தீர்களா? கட்டைவிரலை எடுங்கள். சோப்பு நீரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். யோசிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

டப்பாவை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். கணவரின் கை நீண்டது, தட்டிவிட்டார். ஒரு தோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கண் நிறையப் பார்த்து, பிறகு வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று ஆவி ஊதி, துப்பட்டா நுனியைத் தேடினார்.