ஜெனரலின் ஏழு மரபணுக்கள்

பாக்கோலோட்
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய சாந்தோ மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் ஜோவெலின் பணிவுடன் எழுதுவது. நான் நலம். அத்தையின் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுடையது ஏறினால் மன்னிக்க வேண்டும். வழக்கமாக உங்கள் சேவல்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரிப்பேன். இந்தத் தடவை விசாரிக்கவில்லை. அவற்றின் நலத்தைப் பற்றி உங்களைவிட எனக்கு அதிகம் தெரிந்துபோனதால்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். மூன்று தடவை சொன்னேன். நான் கூப்பிட்டால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள், சுற்றி யார் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் தைரியத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு, "மாமா, இது ரொம்ப ஆபத்தானது, நாலு மருந்துக்கும் அடங்காது" என்றேன். உங்கள் குரல் வரவில்லை. அறிமுகமே இல்லாத ஓர் ஆள், "நாலு மருந்துக்கும் அடங்காதாமே" என்று மெச்சினார். இன்னோர் ஆள், "ஜோடி என்ன விலை?" என்றார். உங்கள் பண்ணைக்கு வியாபாரம் பேசிக்கொடுக்கவா நான் நான்கு வருடம் படித்தேன்?

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நடுவில் எங்கேயோ நீங்கள் வேறு பாதையில் போய்விட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் பண்ணையில் ஒரே வாரத்தில் இருபத்து மூன்று குஞ்சுகள் செத்தன. குஞ்சு செத்தால் அப்பன் வழியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, செத்த குஞ்சை அனுப்பாமல், அவற்றுக்குத் தகப்பனான உங்கள் செல்லச் சேவல் ஜெனரலின் எச்சத்தை ஒரு புட்டியில் அடைத்து அத்தையிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினீர்கள். அதிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்து, அதன் மரபணுக்களைப் படித்தோம். ஜெனரலுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் அவன் குடலில் குடியிருக்கும் கிருமி குஞ்சுகளைக் கொல்லக்கூடியது. நான் அனுப்பிய அறிக்கையில் ஏழு வரி இருந்தது. இரத்தத்திலிருந்து இரும்பைப் பறித்துக்கொள்ளும் மரபணு: உள்ளது. இரத்தத்தில் அழியாமல் பிழைக்கும் மரபணு: உள்ளது. இறுகப் பற்றிக்கொள்ளும் மரபணு: உள்ளது. பிறகு ஒவ்வொரு மருந்தாக நான்கு மருந்துகளை எதிர்த்து நிற்கும் மரபணு: உள்ளது, உள்ளது, உள்ளது, உள்ளது. கீழே என் கையெழுத்து. உடனே கூப்பிடுங்கள் என்று தனிச்சீட்டும் வைத்திருந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. லேமினேட் செய்யும் கடைக்குப் போயிருக்கிறீர்கள்.

ஒத்துக்கொள்கிறேன். சேவற்கட்டிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒருவர் படித்தால் அந்த ஏழு வரியும் எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இரும்பு, இரத்தத்தில் பிழைப்பது, பிடித்தால் விடாதது, எதிர்த்து நிற்பது. நானே உட்கார்ந்து கற்பனை செய்திருந்தாலும் ஒரு சண்டைச் சேவலுக்கு இதைவிட நல்ல நற்சான்று எழுதியிருக்க முடியாது. ஒவ்வொரு சேவலுக்கும் ஆறு தலைமுறை அப்பன் பாட்டன் பெயரை மூச்சுவிடாமல் சொல்வீர்கள். அம்மாவுக்குப் பிறந்தநாள் என்றைக்கு என்பது மட்டும் உங்களுக்கு நினைவிருக்காது. மரபணு என்ற சொல்லைக் கண்டதும் வம்சாவளிப் பட்டியல் வந்துவிட்டது என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நான் விளக்கிய பிறகுமா? முதல் தடவை போனில் நமக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

"ரத்தத்துல பிழைக்கிறது உள்ளதா இல்லியாம்மா?"

"உள்ளது மாமா. ஆனா அது சேவலோடது இல்ல, சேவல் குடல்ல இருக்கிற கிருமியோடது."

"குடல் யாரோடது?"

"சேவலோடது."

"அப்புறம் என்ன."



அடுத்து அந்த பேனர். நான் பட்டம் வாங்கியபோது வாசல் கேட்டில் கட்டினீர்களே, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் சிரிக்காமல் நிற்கும் படம். நம் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி என்பதால் நான்கு வருடமாகியும் அதை நீங்கள் அவிழ்க்கவில்லை. கூச்சமாக இருந்தாலும் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் புதன்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வில்லாசிஸ் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அன்றைக்கு எனக்குக் காதிலேயே விழவில்லை. போனை என் பக்கம் திருப்பி, "இது நீதானே?" என்றார். அதில் நம் கேட்டு பேனர், என் பக்கத்தில் ஜெனரலின் படம் ஒட்டியிருந்தது. வெயிலில் வெளுத்து என் முகம் பாதி போயிருந்தது. அவன் புத்தம் புதிதாக மின்னினான். என் பட்டம் பொடி எழுத்தில், அவன் எடை கொட்டை எழுத்தில். மேலே, 'ஏழு மரபணுவும் உள்ளது. எங்கள் ஜோவெலின் கையெழுத்திட்டது.' நான், "வலது பக்கம் நிற்பது நான், மேடம்" என்றேன். சனிக்கிழமைக்குள் பேனர் இறங்கியாக வேண்டும் என்றார். அது சரிதான். ஆனால் அதைவிட மோசம் பேனரின் கடைசி வரி. சனிக்கிழமை விற்பனை, ஜெனரலின் பிள்ளைகள், நாற்பது.

மாமா, அந்த நாற்பதும் ஜெனரலோடு ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிப்பவை. பக்கத்துத் தீவுகளில் இருக்கும் இலோயிலோவுக்கும் செபுவுக்கும் கப்பலேறி அவை நாற்பது பண்ணைக்குப் போனால், கிருமியும் நாற்பது பண்ணைக்குப் போகும். அங்கே குஞ்சுகள் சாகத் தொடங்கும்போது எந்த மருந்தும் கேட்காது. போன மாதம் தெற்கிலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து எங்களிடம் வந்தார். மடியில் பிஸ்கட் டப்பா, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய பதினொரு குஞ்சுகள். முட்டைக்கோழி வளர்ப்பவர். கொடுத்துப் பார்த்த மருந்துகளின் பெயரை டப்பா மூடியில் பேனாவால் எழுதி ஒவ்வொன்றாக அடித்திருந்தார், நான்கு பெயர். அவருடைய கிருமியிலும் இதே ஏழும் இருந்தன. அடுத்து என்ன மருந்து கொடுக்கட்டும் என்று கேட்டார். மிச்சம் இருப்பது மனிதர்களுக்காக ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது, அதைக் கோழிக்குக் கொடுக்கக்கூடாது என்றேன். தலையாட்டிவிட்டு, "டப்பாவைத் திருப்பித் தருவீங்களா, அரிசி அளக்கிறது" என்றார். கிருமி பட்டது, தர முடியாது என்று அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் நேற்று ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிக் கெஞ்சி, முழுதாக விளக்கினேன். அந்த ஏழும் ஒரு சின்ன வளையத்தில் வரிசையாகக் கோத்ததுபோல் இருக்கின்றன. ஒரு கிருமி பக்கத்துக் கிருமியைத் தொட்டால் போதும், அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். சொந்தமாக இருக்க வேண்டாம், பிள்ளை பெற வேண்டாம், வேறு இனமாக இருந்தாலும் கொடுத்துவிடும். பறவையைத் தொட்ட கையில் ஒட்டிக்கொண்டு போகும், செருப்பில் போகும், கூண்டில் போகும், எச்சத்தில் போகும். வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"காசு வாங்காமயேவா கொடுத்துடும்?"

ஆமாம் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

ஆகவே எழுத்தில் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பேனரை அவிழ்த்துவிடுங்கள். விற்பனையை நிறுத்துங்கள். வாங்க வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஜெனரலின் எச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கத்தரிச் செடிக்குத் தானமாகக் கொடுக்காதீர்கள். ஊர்த் திருவிழாச் சேவற்கட்டுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பண்ணையில் இப்படி எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டும் நடக்கவில்லை. வருகிற ஆட்களைக் கேட்டிலேயே நிறுத்துங்கள் என்றால் விருந்தாளியை அவமதிப்பதா என்று கோபித்துக்கொள்வீர்கள். பெரியவரிடம் இப்படிப் பேச எனக்கு வாய் வராது, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். நான் எழுதியதில் மரியாதை குறைந்த இடம் இருந்தால் அது கிருமியின்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வழக்கப்படி ஆசி வேண்டி, உங்கள் கையையும் அத்தையின் கையையும் எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். கன்னி மாதா உங்களையும், கோழிக் குஞ்சுகளில் மிஞ்சியவற்றையும் காக்கட்டும்.

என்றும் கீழ்ப்படியும் மருமகள்,
ஜோவெலின்

பின்குறிப்பு: இது சனிக்கிழமை சாயங்காலம் எழுதுவது; நேற்றே பஸ்ஸில் கொடுத்தனுப்ப நினைத்த கடிதம், ஆள் கிடைக்காமல் இன்னும் என்னிடமே இருக்கிறது. கவரை ஒட்டும் நேரத்தில் அத்தை கூப்பிட்டு, உங்களுக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னார். இலோயிலோக்காரர்கள் இரண்டு வண்டியில் வந்தார்களாம். நீங்கள் கயிறு கட்டி அந்தப் பக்கமே நிற்க வைத்தீர்களாம். ஒருவர் சேவலின் நெஞ்சைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டியதும், "தொடாதீங்க. தொட்டாலே மரபணு போயிடும், மருமக சொல்லியிருக்கா. காசைக் கொடுத்துட்டுத் தொடுங்க" என்றீர்களாம். கையில் தூக்கிப் பார்க்காமல் சேவல் வாங்கும் ஆள் இந்தத் தீவுகளில் பிறந்ததில்லை. எல்லோரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். கிளம்பும்போது செருப்பில் ஒட்டிக்கொண்டு இலவசமாகப் போய்விடக்கூடாது என்று ஒவ்வொருவர் காலையும் பிளீச்சிங் தண்ணீர் வாளியில் முக்கவைத்தே அனுப்பினீர்களாம். எச்சத்தை யாரும் திருடாதபடி எரித்துவிடுகிறீர்களாம். ஜெனரலைத் திருவிழாவுக்குக் கொண்டுபோகப் போவதில்லையாம், அங்கே ஊரான் சேவலெல்லாம் அவன்மேல் உரசுமாம். நாற்பதில் ஒன்றும் விற்கவில்லை.

மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பேனர் இருக்கட்டும், என் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிடுங்கள், வில்லாசிஸ் மேடத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த வாரம் நானே வந்து உங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன். மூன்று மாதம் கழித்து நான் மறுபடி பரிசோதித்துச் சொல்லும்வரை ஒருவரையும் தொடவிடாதீர்கள். அதற்குள் யாராவது தொட்டுப் பார்க்காமலே வாங்கச் சம்மதிக்கிற மாதிரி தெரிந்தால், தயவுசெய்து விலையை ஏற்றிவிடுங்கள் மாமா.