அறுநூறு கிராம் அதிகம்

பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் எல்லாரும் கவனமில்லாதவர்கள், நான் ஒருவன்தான் விதிவிலக்கு என்று தோன்றுகிற வியாதி. எனக்கு அது முற்றியிருந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். (பொருந்தாவிட்டால் போன் செய்து சொல்வேன். இரண்டு கல்யாணங்களுக்கு என்னை அழைக்காமல் போனதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.)

அப்பேர்ப்பட்ட நான்தான், கழுத்துவலிக்கு மாட்டிக்கொள்ளும் மசாஜ் கருவி ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்து, "இதுதான் வீடியோ கேமின் எதிர்காலம்" என்று துபாயில் முப்பது பேர் முன்னால் அறிவித்தவன்.

சென்னையில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, துபாயில் மின்னணுப் பொருட்களை இறக்குமதி செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பொருட்களைப் பற்றி விளம்பர வாசகம் எழுதுவது வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து வேலை உறுதியானால்தான் மனைவிக்கும் மகளுக்கும் விசா எடுக்க முடியும். இதில் அவசரப்பட்டது கோவில்பட்டியில் இருந்த என் மனைவி கலா. ஐந்தாவது மாதமே மகளின் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டாள்.

"வாங்கியாச்சுங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேக் வெட்டி அனுப்புனாங்க. இனி நீங்க எதாவது சொதப்புனீங்கன்னா, பாப்பாவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க திரும்பச் சேர்ப்பேன்?"

"நான் என்னைக்குச் சொதப்பியிருக்கேன்?" என்று கேட்டேன். கலா போனை வைத்துவிட்டாள். சிக்னல் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதக் கடைசியில் அந்தக் கன்ட்ரோலர் வந்தது. வீடியோ கேம் ஆட எல்லாரும் இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வார்களே, பொத்தானும் சிறு குச்சியும் வைத்த கருவி, அதில் ஒரு புது வடிவம். பொத்தான் கிடையாது. குச்சி கிடையாது. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு பொருள். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் கார் திரும்பும், அமுக்கினால் வேகமெடுக்கும், மோதினால் கையில் அதிரும். மாதிரிக்காக வளைகுடா முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை தேராவில் ஒரு கேமிங் ஹாலில் முப்பது ஆட்டக்காரர்களிடம் அதைக் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பு என் தலையில்.

மேனேஜர் பிஜு சார் திருச்சூர்க்காரர். பாலக்காட்டில் பெண் எடுத்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும். சாம்பல் நிறத் துணிப்பையில் சீல் ஒட்டியிருந்த பொருளை வியாழக்கிழமை என் கையில் கொடுத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் திறக்கண்டா, திறக்கவே கூடாது. ஆபீஸ்ல வச்சா யாராவது நோண்டுவான். நீ சூக்ஷிச்சு, பத்திரமா ரூமுக்குக் கொண்டு போ. இது நல்லா முடிஞ்சா திங்கக்கிழமை உன் கன்பர்மேஷன் லெட்டர்ல கையெழுத்து."

ரூம் ஷார்ஜாவில். ஐந்து பேர். வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது ஏ.சி.யிலிருந்து என் கட்டில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் இடைவெளி நான்கு விநாடி. (எண்ணினேன். எண்ணியதை ரிப்பேர்காரரிடம் சொன்னேன். அவர் "அச்சா" என்று சொல்லிவிட்டு வரவேயில்லை.) பையை நனையாத இடத்தில் வைக்க வேண்டும். அறையில் காய்ந்து கிடந்தது செல்வராஜ் அண்ணன் கட்டில் ஒன்றுதான். அதில் வைத்துவிட்டு அரை நாள் டூட்டிக்கு ஓடினேன்.

வளைகுடாவில் ரூம் போட்டு இருந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வராஜ் அண்ணன் அன்று சாயங்காலம் லீவில் ஊருக்கு, பரமக்குடிக்கு, போகிறார். லீவுக்குப் போகிறவர் கட்டில்மேல் ஒரு பொருளை வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இதையும் ஊருக்குக் கொண்டுபோ. யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லமாட்டார்கள். ஆறு மாதத்தில் மூன்று பேர் லீவுக்குப் போனதை நேரில் பார்த்தவன் நான். கலாவுக்கு வாசனைத் திரவியமும் பால் பவுடரும் அதே முறையில்தான் அனுப்பியிருக்கிறேன். கூர்ந்து கவனிக்கிறவனாம்.

மதியம் திரும்பியபோது அண்ணன் விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தார். சாம்பல் பை என் தலையணைமேல் இருந்தது. சீல் கிழிந்திருந்தது. கஸ்டம்ஸில் திறந்து பார்த்திருப்பார்கள் என்று முடிவுக்கு வந்தேன். முந்தைய நாள் சீல் முழுசாக இருந்ததைப் பார்த்தவனும் நானே.

ரூமில் பெட்டி கட்டுவதில் நிபுணரான காஜா பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், துணிக்கடையில் வேலை.

"தம்பி, ஒம் பைய பத்திரமா எடுத்து ஒங் கட்டில்லயே வச்சுட்டேன்" என்றார்.

நன்றி சொன்னேன். இரண்டு முறை சொன்னதாக ஞாபகம்.

சனிக்கிழமை ஐந்து மணி. ஹாலில் குளிர், நாற்காலி, பெரிய திரை. என் போனை ஹால் ஸ்பீக்கரில் இணைத்து மெல்லிய இசை ஓடவிட்டிருந்தேன். திரையில் பந்தயக் கார் தயாராக நின்றது. பையிலிருந்து பொருளை எடுத்தேன். குதிரை லாட வடிவம், சரி. நடுவில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. விளக்கக் குறிப்பில் பொத்தான் இல்லையென்று நானே எழுதியிருந்தேன். ஆன் செய்ய ஒன்றாவது வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி அமுக்கினேன். அதிர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அந்த விநாடியே திரையில் கார் கிளம்பியது. ஹால் கை தட்டியது.

பத்து விநாடி யாரும் தொடாமல் இருந்தால் அந்த விளையாட்டு வேடிக்கை காட்டுவதற்காகத் தானாகவே காரை ஓட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

முதலில் வந்தவன் ரிஷி. ஷார்ஜாவிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன், இருபத்துநான்கு வயது. விளையாட்டுக் கருவிகளைப் பற்றி வீடியோ போட்டே பிரபலமானவன். கருவியை இரண்டு கையாலும் முறுக்கினான். திரையில் கார் வளைவில் அழகாகத் திரும்பியது.

"ப்ரோ, ஹாப்டிக்ஸ் வேற லெவல். ரோட்டோட ஒவ்வொரு கல்லும் கைல தெரியுது."

"கன்ட்ரோல்?" என்று கேட்டேன், குறிப்பேட்டுடன்.

"ஸ்டீரிங் கொஞ்சம் லேட்டா கேக்குது. ஆனா அதுதான் ரியலிஸ்டிக். ரியல் கார் அப்படித்தான் இருக்கும்."

பெயர், வயது, ஊர், சொன்ன வாசகம். பழைய பழக்கத்தில் ஒரு எழுத்து விடாமல் குறித்தேன். அடுத்து வந்த பெஷாவர்க்காரர் ஹிந்தியில், "பாய், கை சூடாகுது, ரேஸ் டென்ஷன் அப்படியே வருது, பஹுத் அச்சா" என்றார். மூன்றாவது ஆள், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணை மூடிக்கொண்டார். "உண்மையா சொல்றன், இதப் பிடிச்சா மனசு அமைதியா இருக்கு. வேற கன்ட்ரோலர் பிடிச்சா எனக்குக் கோவம்தான் வாறது" என்றார். வயது முப்பத்தொன்று, ஊர் சாவகச்சேரி. குறித்துக்கொண்டேன்.

பின்வரிசையில் நித்யா என்று ஒரு பெண் கை தூக்கினாள். பிசியோதெரபி படிப்பவள்.

"அங்கிள், எங்கம்மா கழுத்துல போட்டுக்கற மசாஜர் மாதிரியே இருக்கே இது?"

எனக்கு எரிச்சல் வந்தது. "புதுமைய பழைய கண்ணால பாக்கக் கூடாதும்மா" என்றேன். மைக்கில் சொன்னேன். ரிஷி கை தட்டினான்.

பிஜு சார் மூலையில் நின்று, நான் எழுதிக் கொடுத்த வாசகங்களை உடனுக்குடன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. கடந்துபோகும்போது என் தோளைத் தட்டி, "லெட்டர் ரெடி மோனே" என்றார். நான் மனசுக்குள் கலாவின் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டேன். ஜன்னலோர இருக்கை.

பதினோராவது ஆள் ஆடிக்கொண்டிருந்தபோது பிஜு சார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"அவங்க கேக்கறாங்க. சூடு வருதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எப்படீன்னு. நம்ம சாதனத்துல ஹீட்டிங் இல்லையாம்."

"புரோட்டோடைப் சார். எதாவது புதுசா சேர்த்திருப்பாங்க."

"உண்டாக்குனவனுக்கே தெரியாமயா?"

அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். சொல்வதற்குள் போன் அடித்தது. செல்வராஜ் அண்ணன். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடுகிறார், எடுக்காவிட்டால் மரியாதையில்லை என்று எடுத்தேன். போன் ஹால் ஸ்பீக்கரில் இணைந்திருந்தது. இசை நின்றது. பரமக்குடி பேசியது.

"தம்பீ, நல்லபடியா வந்து சேந்தேன். பெட்டியப் பிரிச்சாச்சு. இந்தக் கழுத்து மசாஜ் மிசினுக்கு சுச்சு எங்கப்பா இருக்கு? மாமா காலையில இருந்து கழுத்துல மாட்டிக்கிட்டு ஒக்காந்துருக்காரு. தடவித் தடவிப் பாத்துட்டோம், பட்டனே இல்ல."

ஹாலில் இருந்த முப்பது பேரில் தமிழ் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர். மலையாளிகளையும் சேர்த்தால் பத்தொன்பது. மற்றவர்களுக்கு நித்யா எழுந்து நின்று இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். நல்ல மொழிபெயர்ப்பு. எதுவும் விடுபடவில்லை.

நான் இணைப்பைத் துண்டித்து, வெளியே ஓடி, காஜா பாயைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆமா தம்பி" என்றார் அவர் நிதானமாக. "அட்டப்பெட்டியெல்லாம் கழட்டிப் போட்டுத்தான் கட்டுனேன். அப்பவும் பிளேன்ல விடுற முப்பது கிலோவுக்கு மேல அறுநூறு கிராம் அதிகம். பாத்தா அதே மாதிரி சாமான் ரெண்டு கெடக்கு. செல்வராசு மாமனாருக்கு வாங்கினது ஒன்னு, நீ வச்சது ஒன்னு. ஒரு கழுத்துக்கு ரெண்டு எதுக்கு? கனமா இருந்தத எடுத்து ஒம் பையில போட்டேன். எடை நூல் புடிச்ச மாதிரி நின்னுச்சு."

"பாய், அது கேம் ஆடுற கன்ட்ரோலர்."

"அத நீ அவரு கட்டில்ல வச்சிருக்கக் கூடாதே" என்றார்.

நான் போனை வைத்தேன்.

ஹாலுக்குத் திரும்பினேன். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ரிஷி தன் போனில் எதையோ வேகமாக அழித்துக்கொண்டிருந்தான். "எனக்கு அப்பவே டவுட்டு ப்ரோ. சும்மா எங்கரேஜ் பண்ணலாம்னு சொன்னேன்" என்றான். சாவகச்சேரிக்காரர் கருவியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். பிஜு சார் நாற்காலியில் உட்கார்ந்து அதுவரை அனுப்பிய பத்து வாசகங்களையும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"நீ பத்திரிகையில என்ன ஜோலி பண்ணிட்டிருந்தே?"

"பிழை திருத்துறது சார்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுந்து போனார்.

திங்கட்கிழமை லெட்டர் வந்தது. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம் ஒரே வரி: கவனக்குறைவு. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழையைச் சுட்டிக் காட்டாமல் விட்டேன்.

கலா மகளை அழைத்துக்கொண்டு அதே ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் போய் நின்றாள். மூன்று மாதம் மகள் பழைய வகுப்பிலேயே, 'துபாய் ரிட்டர்ன்' என்ற பட்டத்தோடு படித்தாள். அந்த மூன்று மாதமும் கலா என்னிடம் போனில் பேசியதை எல்லாம் இங்கே எழுத இடமில்லை. எழுதினால் நாலு பக்கத்தில் ஒரு பிழைகூட இருக்காது.

கன்ட்ரோலர் ஒரு மாதம் கழித்து, லீவு முடிந்து வந்த செல்வராஜ் அண்ணனின் பெட்டியில், கருவாட்டுக்கும் முறுக்குக்கும் நடுவே திரும்பியது. அதே முப்பது பேரைக் கூப்பிட்டோம். இந்தமுறை நித்யாதான் முதலில் ஆடினாள். கார் முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. அடுத்த ஆளுக்கும் அப்படியே. முறுக்கி முறுக்கி எல்லாருக்கும் மணிக்கட்டு வலி. "பழசே பெட்டர் ப்ரோ, அந்த மசாஜர்" என்றான் ரிஷி. தலைமை அலுவலகம் அந்த வடிவத்தையே கைவிட்டது. என்னை உறுதி செய்தார்கள். இனி எந்த மாதிரிப் பொருளையும் ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது நாங்கள் மூவரும் ஷார்ஜாவில்தான். நான் மூக்குக்கண்ணாடியைச் சோபாவில் வைத்தால், "அப்பா, அங்க வைக்காதீங்க, பரமக்குடி போயிடும்" என்கிறாள் மகள். விருந்தாளிகள் காரணம் கேட்பார்கள். கலா முதலிலிருந்து சொல்வாள். ஒவ்வொரு முறையும் ஹாலில் இருந்தவர்கள் எண்ணிக்கை கூடுகிறது. சென்ற முறை முந்நூறு பேர். நான் திருத்துவதில்லை.

போன லீவில் பரமக்குடிக்குப் போய், பாவத்துக்குப் பரிகாரமாக, அண்ணனின் மாமனாருக்கு நல்ல மசாஜ் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சூடு உண்டு, அதிர்வு உண்டு, பொத்தான் மூன்று உண்டு. பெரியவர் கழுத்தில் மாட்டி, ஐந்து நிமிடம் யோசித்து, கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது சும்மா நடுங்குதுப்பா. பட்டனே இல்லாத அந்தப் பழசு மாதிரி வராது. அதப் போட்டா வலி அப்படியே அத்துப் போகும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கலா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"குறிச்சுக்கோங்க. பேரு, வயசு, ஊரு."