முக்குளிப்பவர்களுக்கு நான் செய்த பெஞ்சு

உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டால், அதை யார், எதற்காகச் செய்தார்கள் என்று நம் ஆட்கள் கேட்பதில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட சோபாவில் உட்காருவார்கள். கடை வாசலில் விற்பனைக்கு வைத்த புது நாற்காலியிலும் உட்காருவார்கள். இந்த உண்மையை எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. தந்திருந்தால் பெரம்பலூரில் எங்கள் வெல்டிங் பட்டறை இன்றைக்கும் என் கையில் இருந்திருக்கும்.

அது அப்பாவின் பட்டறை. கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் தொழில். மெக்கானிக்கல் படித்து முடித்ததும் நான் வேறெங்கும் போகாமல் நேராக அங்கே போய் நின்றேன். அண்ணன் ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. மெயின் ரோட்டு இடத்தில் இரும்பைப் போட்டு வைத்திருப்பது பாவம், செல்போன் கடை போட்டால் அள்ளலாம் என்பது அவன் கட்சி. வெல்டிங் வெளிச்சத்தில் கண் மங்கிப்போன அப்பா ஒருநாள் சாப்பிடும்போது தீர்ப்புச் சொன்னார்.

“அவ தனியா ஒரு பெரிய ஆர்டரப் புடிச்சு முடிச்சுக் காட்டட்டும். பட்டறை அவளுக்கு. இல்லன்னா ராஜா கடை போட்டுக்கட்டும்.”

(அண்ணன் மட்டும் எதையும் முடித்துக் காட்ட வேண்டியதில்லை. அவன் பிறந்ததே போதுமானதாக இருந்தது.)

ஆர்டர் கதிர் ரூபத்தில் வந்தது. கதிர் என்னோடு படித்தவன், கீழப்பழுவூர்க்காரன். புதுச்சேரிக்குப் போய் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொண்டு, ஒரு டைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருந்தான். அந்த ஸ்கூலின் முதலாளி கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேர்கிறவர்களைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் அசையாத தண்ணீரில் பழக்க, ரெட்டிபாளையம் தாண்டி ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழியை அனுமதி வாங்கி எடுத்திருந்தார். மழைத்தண்ணீர் நிரம்பி நீலமாகக் கிடக்கும் குழி அது.

“முங்குறவங்க முதுகுல காத்து சிலிண்டர் கட்டிப்பாங்க மலர். செம கனம். நின்னுகிட்டே மாட்ட முடியாது,” என்றான் கதிர். “பெஞ்சுல உக்காரணும். பின்னாடி ஒரு தட்டுல சிலிண்டர் நிக்கணும். பட்டைக்குள்ள கைய வுட்டு மாட்டிகிட்டு அப்படியே எந்திரிக்கணும். கெட்டியா இருக்கணும், வெலையும் கம்மியா இருக்கணும். இது நல்லா வந்துச்சுன்னா கடலோரத்துல தெரிஞ்ச ஸ்கூலுக்கெல்லாம் உன்னையே சொல்றேன்னு சார் சொல்லிட்டாரு.”

நான் கடலையே அதற்குமுன் இரண்டொரு முறைதான் பார்த்திருந்தேன். அது என்னைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. ராத்திரி பகலாக வரைந்தேன். முன்னால் நீள இருக்கை. அதற்குப் பின்னால் சற்று உயரத்தில், சிலிண்டர் நழுவாமல் நிற்க வட்ட வட்டமாக வெட்டிய தட்டு. கெட்டியாக இருக்க நல்ல பைப். விலை குறைய என்ன செய்வது? காலைக் குறைத்தேன். கால்கள் எல்லாம் இருக்கைக்கு அடியில் மட்டும். பின் தட்டுக்குக் கால் கிடையாது. முதுகுச் சட்டத்திலிருந்து கை நீட்டினாற்போல் அந்தரத்தில் நிற்கும். வீட்டுச் சுவரில் சன்ஷேடு நிற்கவில்லையா, அந்த மாதிரி. சன்ஷேடுக்குப் பின்னால் ஒரு முழு வீடு இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனையை அப்பாவே நடத்தினார். பக்கத்துக் கடையிலிருந்து சிமெண்ட் மூட்டைகளை வாங்கி இருக்கை முழுக்க அடுக்கினோம். பிறகு பின் தட்டிலும் வைத்தோம். பெஞ்சு அசையவில்லை. இறக்கும்போது, கடை அந்தப் பக்கம் இருந்ததால், பின் தட்டு மூட்டைகளை முதலில் இறக்கினோம். இறக்கிய அந்த வரிசையை மாற்றியிருந்தால் என் விதியும் மாறியிருக்கும்.

“யான உக்காந்தாலும் தாங்கும்,” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதலாளி வந்து பார்க்கும் நாளில் குடும்பமே ஒரு வேனில் ரெட்டிபாளையத்துக்குக் கிளம்பியது. அப்பா, அண்ணன், அண்ணனின் மாமனார், அத்தை, அத்தை வீட்டுக்காரர், ஒரு தூக்குவாளிப் புளிசாதம். பெஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான் அதைத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் போடச் சொன்னேன்.

“தண்ணியப் பாத்துல்ல போடணும்?” என்றான் கதிர்.

“போட்டோவுல தண்ணி தெரிய வேணாமா? எடுத்ததும் திருப்பிக்கலாம்.”

(அந்தப் போட்டோ எடுக்கப்படவே இல்லை.)

முங்க வேண்டிய பிள்ளைகள் கொட்டகையில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டவெளி. வேறு நாற்காலி இல்லை. எங்கள் ஆட்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதிர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பட்டை மாட்டிய சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் தட்டில் நிறுத்தினான்.

“முதுகுக்கு சில்லுன்னு இருக்கும்மா,” என்றார் அண்ணனின் மாமனார்.

அண்ணன் கூட உட்கார்ந்த இடத்தில் ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்லடி, கெட்டியாத்தான் செஞ்சிருக்க,” என்றான். அப்பா பெஞ்சைத் தட்டிக்கொடுத்தார். பட்டறைக்குப் புதுப் போர்டில் என்ன நிறத்தில் எழுத்து வைக்கலாம் என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போது முதலாளியின் கார் வந்து நின்றது.

“சார் வந்துட்டாரு! எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!” என்று அண்ணன்தான் கத்தினான்.

பெரிய மனிதர் வந்தால் எழுந்து நிற்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து கைகூப்பினார்கள். மரியாதை தெரிந்த பெஞ்சு. அதுவும் எழுந்தது. முன்பக்கக் கால்கள் தரையை விட்டு நிதானமாக மேலே வந்தன; ஒரு கணம் யோசித்தன; பிறகு மொத்தமும் சிலிண்டரோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பின்னால் சரிவு. சரிவுக்குக் கீழே குழி. சிலிண்டர்கள் பட்டையையும் குழாயையும் இழுத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு தண்ணீருக்குள் இறங்கின. அத்தை “புடிங்க, புடிங்க” என்று கத்தினாளே தவிர, கூப்பிய கையை யாரும் பிரிக்கவில்லை.

பதிலுக்குக் கும்பிட எடுத்த கை பாதியில் நிற்க, முதலாளி தண்ணீரைப் பார்த்தார்.

“எடுத்துடலாமா கதிர்?”

“முங்கித்தான் சார் எடுக்கணும்.”

“முங்க வேண்டியதுதானே?”

“சிலிண்டரெல்லாம் கீழ கெடக்கு சார்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பின்னாடி ரெண்டு கால் வெச்சிருக்கலாம்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டரும் அவரோடு போயிற்று. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சரிவில் ஒரு பிள்ளை நின்றிருக்கலாம்; அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஆர்டர் தந்திருக்க மாட்டேன்.

திரும்பும்போது அரியலூர் வரும்வரை வேனில் புளிசாதத் தூக்குவாளி மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது. அரியலூர் தாண்டியதும் அத்தை ‘குபுக்’கென்று சிரித்தாள். அவ்வளவுதான், வேனே குலுங்கியது. அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரமே பட்டறைச் சாவி அண்ணன் கைக்குப் போனது.

இன்ஜினீயரிங் கணக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், நியாயத்தையாவது கேட்கிறேன். சோதித்துப் பார்த்துச் சரி என்றது அப்பா. எழுந்திருக்கச் சொன்னது அண்ணன். தப்பு மட்டும் முழுதாக என்னுடையது. இதே பெஞ்சை அண்ணன் செய்து, இதே மாதிரி கவிழ்ந்திருந்தால், தரை சரியில்லை என்றிருப்பார்கள். அடுத்த பெஞ்சுக்கு இரும்பும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

சாவி கைமாறுவதற்கு முன்பே பின்னால் இரண்டு கால்களைப் பற்றவைத்துவிட்டேன். ஒரு மாலை வேலை. இப்போது அந்த இடம் அண்ணனின் செல்போன் கடை. பெஞ்சு அங்கேதான் கிடக்கிறது. சிலிண்டர் நிற்க வேண்டிய தட்டில் போன் கவர் அட்டைகள். நான் திருச்சியில் ஒரு கம்பெனியில் யாரோ வரைந்த படங்களுக்கு அளவு போட்டுக்கொண்டிருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கடையில் புதிதாக யார் இருந்தாலும் அண்ணன் என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவான்.

“தைரியமா உக்காருங்க, என் தங்கச்சி செஞ்சது. எந்திரிக்கிறப்ப மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு எந்திரிங்க!”

கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிவதில்லை. நாளெல்லாம் ஜனம் உட்கார்ந்து எழுந்தும் அந்தப் பெஞ்சு இம்மி அசைந்ததில்லை என்பதை மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

போன தீபாவளிக்கு அப்பா கடைக்கு வந்து அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். கிளம்பும்போது பக்கத்துக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்ல எழுந்தார். முழங்கால் வலி என்று சொல்லலாம். வீட்டு நாற்காலியிலிருந்து எழும்போது அவர் எதையும் பிடிப்பதில்லை.